துணி கட்டின சால்

துணி கட்டியிருக்கேன், பாத்துக்க என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சொல்லவில்லை என்று அவன்மேல் பழி போட முடியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கால் செருப்புக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்று, பிள்ளையின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டுக்கொண்டே சொன்னான். துணியும் கட்டித்தான் இருக்கிறது. இதோ, வாய்க்கால் ஓரத்தில், பருத்தி வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் பாய்கிற பள்ளங்களில் முதல் சாலின் முதல் செடியில், பிரின்சியின் பழைய பாவாடையிலிருந்து கிழித்த சிவப்புக் கந்தல், வெயிலில் வெளுத்து ரோசாப்பூ நிறத்துக்கு வந்து, காற்றில் ஆடி ஆடி அவளைக் கிண்டல் செய்கிறது. எதற்குக் கட்டினான் என்பதை மட்டும் அந்த மனுஷன் சொல்லவில்லை. துணி கட்டின சால் தண்ணீர் பாய்ந்து முடிந்த சாலா, இனிமேல் பாய வேண்டிய சாலா? கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது, எல்லாச் சாலுக்கும் விடக் கட்டாது, இனிமே ஒண்ணு விட்டு ஒண்ணுதான் பிரின்சி, ஒரு முறைக்கு இந்தச் சால்கள், மறு முறைக்கு விட்டுப்போன சால்கள், பாதித் தண்ணியில பருத்தியக் கரையேத்திரலாம் என்று எங்கேயோ கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். நல்ல யோசனை. யோசனைக்கு என்ன குறைச்சல். ஆனால் போன முறை எந்தச் சால்கள், இந்த முறை எந்தச் சால்கள்? குனிந்து பார்த்தாள். முதல் சாலும் வெடித்துக் கிடந்தது, இரண்டாம் சாலும் வெடித்துக் கிடந்தது, விரல் நுழைகிற வெடிப்பு. கரிசலுக்கு நன்றி என்பதே கிடையாது, குடித்ததும் குடிக்காததும் ஒரே மூஞ்சியை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறது. கான்வென்ட்டில் என்றால் முடித்த பாடத்துக்கு டிக் போடுவார்கள், அப்படிப் பார்த்தால் துணி முடிந்ததற்கு அடையாளம். ஆனால் சிவப்பு மை தப்புக்கு. இது சிவப்பு. கட்டினவன் கான்வென்ட்டில் படித்தவனா என்ன, அவனுக்குச் சிவப்பு என்றால் பாவாடை, கைக்கு அகப்பட்டது, கிழித்தான், கட்டினான், கிளம்பினான். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடிக்க இந்த ஆம்பளைகளுக்கு என்னதான் நோவோ.

யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்றால் ஏதோ ஒரு சாலைத் திறந்துவிட்டுப் போகலாம். ஆகும். கிணறு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது, ஒரு வாரம் அவர்கள் முறை, மறு வாரம் இவர்கள் முறை. புருஷன் செங்கோல் வடக்கே ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டிக்குப் போன மறுநாளே, ஊரான் ஊரான் நிலத்திலெல்லாம் தண்ணீர் தோண்டுகிறவன் தன் நிலத்தில் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் போட்டுவிட்டுப் போன மறுநாளே, அவனுடைய அண்ணன் பங்கிராஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, தம்பி பெண்டாட்டி மட்டும் இருக்கிற வீட்டுக்குள் வரமாட்டார், அந்த மரியாதையெல்லாம் குறையில்லை. "இந்தப் பொண்ணு கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன செய்யும்? சரி, பாக்கட்டும். இந்த முறை கடைசிச் சால் வரைக்கும் தண்ணியக் கொண்டுபோய்ச் சேத்துட்டான்னா நான் ஒண்ணும் பேசல. சேக்க முடியலைன்னா முறைய எங்களுக்கு விட்டுரட்டும். இருக்குற தண்ணியப் பிச்சுப் பிச்சு ரெண்டு வெள்ளாமையும் கருகுறதுக்கு எங்க மொளகாயாவது பிழைக்கட்டும்" என்று கூரை எரவாணத்தைப் பார்த்துச் சொன்னார். அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டை போடலாம். நியாயமாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது? போனில் இவனிடம் சொன்னால் இவன், அண்ணன் சொல்றதும் சரிதான என்கிறான். சரிதானாம். பருத்தி வீடு வந்து சேர்ந்தால் இனிமேல் வண்டிக்குப் போகமாட்டேன், உன் கூடவே கிடக்கேன் என்று சொன்னதும் இதே வாய்தான். பிள்ளை பிறந்த வாரம் ஊன்றின விதை. இரண்டுக்கும் ஒரே வயசு. இப்போது செடி இடுப்புக்கு வந்து, கீழ்க் கொப்பெல்லாம் காய் பிடித்து, மேலே சப்பை மொட்டும் பூவுமாக நிற்கிறது, நிற்கிறது என்று சொல்வதற்குள் இரண்டு சப்பை பொட்டுப் பொட்டென்று காலடியில் விழுகிறது. தாகத்தில் கையில் இருப்பதையெல்லாம் கீழே போட்டுக்கொண்டு நிற்கிற செடியைப் பார்த்தால் அவளுக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கயேன் சனியனே, இந்தா வந்துட்டேன்ல.

கரண்டு வந்துவிட்டது. மோட்டார் ரூமுக்குள் ஈரக் கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்து, இயேசுவே என்று ஒரு தரம் சொல்லி, பச்சைப் பொத்தானை ஒற்றை விரலால் அமுக்கிவிட்டு, கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி வெளியே ஓடி வந்தாள். எப்போதும் இப்படித்தான். தன்னைக் கரண்டு அடித்துவிடும் என்பதல்ல பயம், அடித்துக் கிடந்தால் வேம்பில் தொங்குகிற தூளியில் பிள்ளை விழித்து அழுது அழுது, யாரும் வராமல், சாயங்காலம் வரைக்கும், சே, என்ன நினைப்பு இது. குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் இறங்கிவிட்டது, இனி யோசிக்க நேரமில்லை. போனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தான். எடுத்தவுடன் பூமியைக் குடைகிற சத்தம் காதுக்குள் வந்து விழுந்தது. "கேக்குதா? துணி கட்டின சால் பாஞ்சதா, பாயணுமா?" என்றாள். "என்னது?" "துணிங்க, துணி!" "துணி துவைக்கிறியா? தண்ணி பாச்சப் போகலையா இன்னும்?" "அய்யோ, பருத்தியில கட்டிருக்கீங்கள்ல, அந்தத் துணி!" "ஆமா, அந்த எடத்துல..." அதற்குள் யாரோ இந்தியில் கத்தினார்கள், எதுவோ உறுமிற்று, "...அதான் பாத்துக்கன்னு சொன்னேன்ல!" என்று இவனும் கத்தினான். "என்னத்தப் பாத்துக்க?" போன் ஊமையாகிவிட்டது. அவள் போனைத் தூக்கி எறியவில்லை. சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்த பையில் மெதுவாக வைத்துவிட்டு வந்து, துணியின் முன்னால் மம்பட்டியும் கையுமாக நின்று, அதை முறைத்தாள். முடிந்துபோனதற்கு யாராவது மெனக்கெட்டுத் துணி கட்டுவார்களா? செய்ய வேண்டியதற்குத்தான் கட்டுவார்கள். செய்ய வேண்டியதற்குத்தான் ஊக்குக் குத்துவார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டிய பக்கத்துக்கு அவளே அப்படித்தான் குத்துகிறாள். சரி. துணிதான். முதல் சாலின் வாயைக் கொத்தித் திறந்தாள். காலடியில் வாய்க்கால் கரை பொதுக்கென்று அமுங்கியது, கரிசல்தானே, அப்படித்தான் இருக்கும் என்று தாண்டி வைத்தாள்.

தண்ணீர் சாலுக்குள் நுழைந்தது. நுழைந்த தண்ணீர் ஓடாது, கரிசலில் தண்ணீர் ஓடாது, ஒவ்வொரு வெடிப்பாக இறங்கி, குபுகுபுவென்று காற்றைத் துப்பவைத்து, அது நிரம்பின பிறகுதான் அடுத்த வெடிப்புக்கு நகரும், நர்சரிப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படிக்கிற மாதிரி. பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் உயிர் போகும். போ, போ, போய்த் தொலை. பள்ளிக்கூடத்தில் தண்ணீரைச் சேமிப்போம் என்று அவள் இங்கிலீஷில் ஒரு கட்டுரை எழுதி, குழாயும் அதன் வாயில் ஒற்றைச் சொட்டும், சொட்டுக்குக் கண்ணும் மூக்கும் கண்ணீருமாகப் படம் வரைந்து முதல் பரிசு வாங்கினாள். பரிசு ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். சிஸ்டர் பிளாண்டினா மேடையில் அவள் கன்னத்தைத் தட்டி, பல் தேய்க்கும்போது குழாயை மூடவேண்டும், அது நமது கடமை என்று சொன்னார். மூடுவதற்குக் குழாய் இருக்கிறவர்களுக்கான கடமை. குரோட்டன்ஸ் செடிக்குப் பச்சை ஓஸில் பீய்ச்சி அடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆஸ்டல் பிள்ளைகள் வரிசையில் முழங்கால் தெரியாமல் பாவாடையை இழுத்துவிட்டு உட்கார்ந்து அந்த ஈர வாசனையை மோந்துகொண்டிருப்பார்கள். பெண்பிள்ளை எப்படி உட்கார வேண்டும் என்று அதற்கே தனி வகுப்பு. முதுகு நேராக, முழங்கால் சேர்ந்து, கை மடியில். சால் எது பார் எது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணமாகி வந்த புதுசில், செடி நிற்கிற மேட்டுக்குப் பார் என்று பேர் தெரியாமல், அவன் பாரு பாரு என்று சொல்லும்போதெல்லாம் எதைப் பார்க்கச் சொல்கிறான் என்று தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அந்த வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

முதல் சால் நுனி வரை நனைந்ததும் வாயை மூடி, ஒன்றை விட்டு அடுத்ததைத் திறந்து, ஓடிப்போய்த் தூளியைப் பார்த்தாள். தூங்குகிறது. வயிறு ஏறி இறங்குகிறதா? இறங்குகிறது. ஏறுகிறதா? துணி அசைகிறது, காற்றா மூச்சா தெரியவில்லை, மூக்கருகே புறங்கையை வைத்தாள். மூச்சுதான். அழுதால் ஏன் அழுகிறது என்று பயம், தூங்கினால் ஏன் அழவில்லை என்று பயம். வேம்பின் கொப்பு முறியுமோ, பாம்பு கயிற்றில் இறங்குமோ, கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இல்லையே, தவழத் தெரியாத பிள்ளை கிணற்றுக்கு எப்படிப் போகும், போகாதுதான், ஆனால் போய்விட்டால்? எடை குறையுதேம்மா என்றாள் நர்ஸ், தராசுத் தொட்டிலில் அனிலாவை வெண்டைக்காய் மாதிரி போட்டுப் பார்த்துவிட்டு. ஒரு பக்கமே குடுக்காத, ஒரு தடவை இந்தப் பக்கம்னா மறு தடவை அந்தப் பக்கம், குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இடது பக்கம் கட்டிக்கொண்டு கல்லாகக் கிடக்கிறது, காம்பில் வெடிப்பு, வாய் வைத்தால் நட்சத்திரம் தெரிகிறது, அதற்குப் பயந்து இவள் வலதையே கொடுக்க, ஊறாத இடதைப் பிள்ளையும் இப்போது சீந்துவதில்லை, வாய் வைத்ததும் தலையைத் திருப்பி, என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்கிற மாதிரி ஒரு பார்வை. ஓரகத்தி ரோணிக்கம் அக்கா, பங்கிராஸ் அத்தானின் பெண்டாட்டி, அவள் வேறு வைத்தியம் சொன்னாள். "கெணறு மாதிரிதான் பிரின்சி. விட்டு வச்சாத்தான் ஊறும். எந்நேரமும் வச்சு உறிஞ்சவிட்டா எங்குட்டு ஊறும்?" ஒருத்தி குடிக்கக் குடிக்க ஊறும் என்கிறாள், ஒருத்தி விட்டு வைத்தால் ஊறும் என்கிறாள். கிணற்றுக்கும் மாருக்கும் ஒரே சொல்லை வைத்தவன் ஒரே விதியையும் வைத்துத் தொலைத்திருக்கலாம். எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பதே தூக்கக் கலக்கத்தில் மறந்து போகிறதே என்று ஊக்கு ஒன்றைக் குத்த ஆரம்பித்தாள், அடுத்துக் கொடுக்க வேண்டிய பக்கத்தில். இப்போது வயலுக்கென்று போட்டிருக்கிற செங்கோலின் முழுக்கைச் சட்டையிலும் குத்தியிருக்கிறது, இடது பக்கம். நேற்றிலிருந்து இடது பக்கம்தான். கொடுக்க வேண்டியதற்கு அடையாளம். கொடுக்காமலே இருப்பதற்கு அடையாளம்.

"என்ன பிரின்சி, இங்கிலீஷ்ல பாச்சுறியா தமிழ்ல பாச்சுறியா?" என்று கேட்டுக்கொண்டே ரோணிக்கம் வரப்பில் வந்து நின்றாள், தலையில் சும்மாடு, இடுப்பில் காலிக் குடம், கண் மட்டும் வாய்க்காலில். "தமிழ்லதாங்க்கா." "அதான் மெதுவாப் போகுது. கெணத்த எட்டிப் பாத்தியா? தவளை உக்காந்திருக்க படி தெரியுது." "பாத்தேன்." "எங்க வீட்டு ஆளு கேட்டுட்டு வரச் சொன்னாக, பாதியிலயே விட்டுர்றதுன்னா இப்பவே விட்டுரு, மிச்சத் தண்ணியாச்சும் கெடக்கும்." "கடைசிச் சால் வரைக்கும் போகும்க்கா." "போனாச் சரிதாம்மா. நானா வேண்டாங்கேன்? மொளகா கருகுதேன்னு அவுகளுக்கு ராத்திரி தூக்கமில்ல. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறாக." அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதே பிடிக்காதவள் மாதிரி, "பிள்ளைக்கு வெயில் படுது பாரு, தூளிய இங்குட்டு நகத்தக் கூடாது? படிச்ச பிள்ளை" என்று தானே தூளித் துணியை ஒரு பக்கம் இழுத்துவிட்டு, துணி கட்டின செடியை ஒரு பார்வை பார்த்து, "இது என்ன, கண்ணேறா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள். கண்ணேறு. அதை நினைக்கவே இல்லையே. பிள்ளைக்கு மை வைக்கிற மாதிரி பருத்திக்கும் கட்டியிருப்பானோ? அப்படியென்றால் பாய்ந்ததுமில்லை, பாய வேண்டியதுமில்லை. பிரின்சி மம்பட்டியை ஓங்கி மண்ணில் போட்டாள். இனிமேல் அந்தத் துணியைப் பற்றி நினைத்தால் அவள் அவள் இல்லை.

நினைத்தாள். சால் சாலாக நகர நகர நினைத்துக்கொண்டேதான் போனாள். இந்தச் சால்கள் போன முறையே குடித்தவையாக இருந்தால், குடிக்காத சால்கள் இரண்டு முறையாகக் காய்கின்றன, அந்தப் பக்கத்து வேர் கருகிப்போகும், நான்தான் கருகவிட்டவள். பிறகு பாதி வயலில் திடீரென்று மம்பட்டிக் காம்பில் சாய்ந்து நின்றாள். செடி எங்கே நிற்கிறது? பாரில். பாருக்கு இந்தப் பக்கம் ஒரு சால், அந்தப் பக்கம் ஒரு சால். ஒன்று விட்டு ஒன்றில் எதைத் திறந்தாலும் ஒவ்வொரு பாருக்கும் ஏதாவது ஒரு பக்கம் தண்ணீர் உண்டு. எந்தச் செடியும் முழுப் பட்டினி இல்லை. எல்லாச் செடியும் ஒரு பக்கமாகக் குடிக்கிறது, அனிலா மாதிரி. அடக் கடவுளே, இதற்கா காலையிலிருந்து? நிம்மதி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. இத்தனை நேரம் பயந்ததை யார் திருப்பித் தருவார்கள்? பயமும் தண்ணீர் மாதிரிதான், ஒரு வெடிப்பு நிரம்பினால் அடுத்த வெடிப்புக்கு நகருகிறது, இப்போது கரண்டு போய்விடுமோ என்கிற வெடிப்பில் இறங்கிவிட்டது. தார் ரோட்டை ஒட்டின கடைசிச் சாலுக்கு வந்தபோது சூரியன் உச்சந்தலையில் நின்றது. கடைசிச் சாலின் வாயைத் திறந்து, அதற்கு முந்தினதை மூடி, அணைப்பு மண்ணைக் காலால் மிதித்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். இது ஒன்று. இது மட்டும் நுனி வரை போய்விட்டால் பங்கிராஸ் அத்தான் எரவாணத்தைப் பார்த்து ஒன்றும் பேச முடியாது. குனிந்து பார்த்தாள். தண்ணீர் கொஞ்சமாக வந்தது. இன்னும் கொஞ்சமாக வந்தது. பிறகு பூனை ஒன்றுக்கு இருந்த மாதிரி வந்தது. மோட்டார்ச் சத்தம் கேட்கிறது, அதே சத்தம், தடங்கலே இல்லை, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, குழாய் துப்புகிறது, அப்படியென்றால் நடுவில் எங்கே போகிறது? மம்பட்டியை அங்கேயே போட்டுவிட்டு வாய்க்காலோடு ஓடினாள்.

துணி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே வாய்க்கால் கரை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது, ஒரு தவலை போகிற அகலம், உள்ளே எலி வளை ஒன்று இரண்டாகி இரண்டு நாலாகிக் குடைந்து போயிருக்கிறது, தண்ணீர் முழுசும் ஒரு அவசரமும் இல்லாமல், வீட்டுக்குப் போகிற மாதிரி, பங்கிராஸ் அத்தானின் மிளகாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே இரண்டு பாத்தி பளபளவென்று மின்னியது. அவள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள், போட்ட மண்ணைத் தண்ணீர் சர்க்கரையைக் கரைக்கிற மாதிரி கரைத்துக்கொண்டு போனது. இன்னொரு அள்ளு. கரைந்தது. மம்பட்டி கடைசிச் சாலில் கிடக்கிறது, ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் கரை முழுசும் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் அனிலா விழித்தாள். சிணுங்கல் இல்லை, முனகல் இல்லை, எடுத்த எடுப்பில் உச்சக்கட்டை, மூச்சை இழுத்துப் பிடித்து நீலம் பாரித்து, அடுத்த மூச்சு வருமா வராதா என்று பெற்றவள் நெஞ்சை நிறுத்திவிட்டு விடுகிற அழுகை. இங்கே மண், அங்கே பிள்ளை. வந்துட்டேன், வந்துட்டேன், ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டியா, உனக்கும் இப்பத்தான் நேரமா, இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் தாகம் எடுக்குமா? ஓடினாள், தூளியிலிருந்து வாரி எடுத்தாள், சேற்றுக் கை பிள்ளையின் முதுகில் அப்பியது, ஓடி வந்தாள், உடைப்பைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், யோசிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டாள். உடைப்புக்குள், அப்படியே, பின்பக்கத்தை எலி வளையில் கொடுத்து, காலை இரண்டு பக்கமும் கரையில் அகட்டி ஊன்றி, முழங்கால் இரண்டும் திசைக்கொன்றாக. சிஸ்டர் பிளாண்டினா பார்த்தால் மயங்கி விழுவார். குளிர்ந்த தண்ணீர் இடுப்பில் மோதி, இதென்ன புதுசாக என்று ஒரு கணம் தயங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு வேறு வழியில்லாமல் வாய்க்காலோடு கடைசிச் சாலைப் பார்த்துத் திரும்பியது.

வலது கையை எடுக்க முடியாது, அது பின்னால் கரையை அமுக்கிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் அந்த இடம் போய்விடும். பிள்ளை இடது கையில். இடது கையில் இருக்கிற பிள்ளைக்கு இடதுதான். ஊக்கைப் பல்லால் கடித்து இழுத்தாள், சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துத் தண்ணீரோடு போனது. அனிலா வாயை வைத்தாள், தலையைத் திருப்பினாள், அந்தப் பார்வை பார்த்தாள். "வேற இல்லடி" என்றாள் பிரின்சி, ஊக்கைக் கடித்த வாயோடு. "இன்னைக்கு இதுதான். குடிச்சாக் குடி." மறுபடி வைத்தாள். நட்சத்திரங்கள் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்தன, கண்ணில் நீர் வந்துவிட்டது, கால் விரலெல்லாம் சேற்றில் சுருண்டது. இழுத்தது, ஒன்றும் வரவில்லை, இழுத்தது, கோபத்தோடு இழுத்தது, உள்ளே எங்கேயோ கட்டிக்கிடந்த ஒன்று கெஞ்சி, இளகி, சுருக்கென்று குத்தி, பிறகு ஒரு மடக்குச் சத்தம். இன்னொரு மடக்கு. அவள் அசையவில்லை. அசைந்தால் எது நின்றுபோகும் என்று தெரியவில்லை.

"அடியே, என்ன கோலம் இது!" ரோணிக்கம் வரப்பில் நின்றாள். அவளுடைய மிளகாய்ப் பாத்தி பின்னால் மின்னியது, அதையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். "எந்திரி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும்." "எந்திரிச்சா உங்க மொளகாய்க்குப் போயிரும்க்கா." வேம்படியில் போன் அடித்தது. "எடுங்கக்கா, அவுகளாத்தான் இருக்கும்." ரோணிக்கம் போனை எடுத்து வந்து ஸ்பீக்கரில் போட்டு இவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். இப்போது பின்னால் குடைகிற சத்தம் இல்லை, அவன் குரல் வெகு தெளிவாக, டீ குடித்துவிட்டுப் பேசுகிற சாவகாசத்தோடு வந்தது. "பிரின்சி, அந்தத் துணி கட்டின எடத்துல வாய்க்காக் கரையில எலி வளை இருக்கு, அது ஒடச்சுக்கும். சாக்கச் சுருட்டி அடச்சுட்டுத் தண்ணி விடு. பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான வந்தேன்?" பிரின்சி ஊக்கைத் துப்பினாள். "போன முறை எந்தச் சால்ல விட்டீங்க?" "எந்தச் சாலா? எல்லாச் சால்லயுந்தான் விட்டேன். அப்ப தண்ணி கெடந்துச்சுல்ல. இனிமேத்தான ஒண்ணு விட்டு ஒண்ணு? ஏன், என்ன ஆச்சு?" ரோணிக்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள், தோள் குலுங்கியது. "ஒண்ணும் ஆகல கொழுந்தனாரே, உம்ம பொண்டாட்டி எலி வளைய நல்லாத்தான் பாத்துக்கிருக்கா" என்று போனை அணைத்தாள். பிரின்சிக்குச் சிரிக்க வரவில்லை. பாத்துக்க. பார்த்து வைத்துக்கொள் என்று நினைத்தாள். ஜாக்கிரதை என்று சொல்லியிருக்கிறான். ஒரு சொல்லை இரண்டாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டான் மனுஷன்.

மோட்டார்ச் சத்தம் மாறியது. இரண்டு பேருக்கும் கேட்டது. உறிஞ்சும்போது நடுவில் காற்று புகுந்த கொரகொரப்பு. "காத்து இழுக்குது" என்றாள் ரோணிக்கம். "நிறுத்திரவா? மோட்டார் எரிஞ்சு போகும், அது ரெண்டு வீட்டுக்கும் பொது." "நிறுத்துங்க. நிறுத்திட்டு..." பிரின்சி கழுத்தை எக்கிப் பார்த்தாள். இங்கே உட்கார்ந்தால் கடைசிச் சாலின் நுனி தெரியாது, நடுவில் இடுப்பு உயரப் பருத்தி. வாய்க்காலில் கிடக்கிற தண்ணீராவது அங்கே போய்ச் சேரட்டும், எழுந்திருக்க முடியாது. "கடைசிச் சால் நுனி நனைஞ்சிருச்சான்னு பாத்துட்டு வாங்கக்கா." "நானா?" "வேற யாரு இருக்கா?" ரோணிக்கம் நின்றாள். நிற்கிற அந்த நேரத்தில் அவள் முகத்தில் என்னென்னவோ போய் வந்தன, இரண்டு பாத்திக்கு அப்பால் வாடிக் கிடக்கிற மிளகாய், ராத்திரி எழுந்து எழுந்து உட்காருகிற புருஷன். பிறகு சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, மோட்டார் ரூமுக்குப் போய், சத்தம் நின்றதும், பருத்திக்குள் நடந்து மறைந்தாள்.

நனையலை என்று சொல்லிவிட்டால்? ஒரு சொல்தான். காய்ந்து கிடக்கு பிரின்சி என்று சொன்னால் யார் போய்ப் பார்ப்பது, இவள் எழுந்து போவதற்குள் வெயில் அதை உண்மையாக்கிவிடும், கரிசலுக்குத்தான் ஞாபகமே கிடையாதே. நானாக இருந்தால் சொல்லுவேனா? சொல்லுவேன். என் பருத்தி, என் பிள்ளை என்றால் சொல்லத்தான் செய்வேன், சொல்லிவிட்டு அடுத்த பூசையில் முட்டி போட்டு அழுவேன். மோட்டார் நின்ற பிறகு வயல் முழுக்கக் கொறகொறவென்று வெடிப்புகள் குடிக்கிற சத்தம் மட்டும். அனிலா குடிக்கிற சத்தமும் அதே மாதிரிதான் இருந்தது. இடது பக்கம் இளகிக்கொண்டே வந்தது. ஊக்கு எங்கே விழுந்தது, இனிமேல் எதற்கு ஊக்கு, இல்லை வேண்டும், இனி வலது பக்கம் குத்தணும், குடித்த பக்கத்திலா, குடிக்கப் போகிற பக்கத்திலா, மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்து அவள் மடியில் கொஞ்சம் மட்டும் தேங்கி நின்றது. ஏன் இன்னும் காணோம்? நனைந்திருந்தால் ஒரு சத்தம் கொடுத்திருக்க மாட்டாளா?

பருத்தி விலகியது. ரோணிக்கம் தோளில் பிரின்சியின் மம்பட்டியோடு வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை, வேகாத வெயிலில் வேலை வாங்கிவிட்டாயே என்கிற கடுப்புதான் இருந்தது. வந்து, நேராக அவள் முன்னால் நின்று, பிரின்சியின் கண்ணுக்கு நேரே வலது காலைத் தூக்கிக் காட்டினாள். இடது கால் புழுதி படிந்து வெள்ளையாக இருந்தது. வலது கால் கணுவுக்கு மேல் வரை கருகருவென்று சேறு, விரலிடுக்கில் ஒரு பருத்திப் பூவிதழ் ஒட்டி, பெருவிரலில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா" என்றாள். "பாத்துக்க."